வயிற்றுக்கு ஆகாதது எது? கண்டுபிடிக்கும் வழிகளில் எதை நம்பலாம்

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது. மாலை வரை ஏப்பம். சில நாள் காலையில் ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று முறை ஓட வேண்டியிருக்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தால் எல்லாம் நார்மல். சென்னையில் எந்த அபார்ட்மெண்டில் விசாரித்தாலும் இப்படி இரண்டு பேராவது இருப்பார்கள். ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். அது எது என்பதுதான் பிடிபடுவதில்லை.

அதைக் கண்டுபிடிக்க இங்கே நாலு வழி புழக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்து, இருநூறு உணவுக்கு ரிப்போர்ட் தரும் பேக்கேஜ் ஒன்று. வாட்ஸாப்பிலோ யூடியூபிலோ கேட்டதை வைத்துக் கோதுமையையும் பாலையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவது இன்னொன்று. ஒரு நோட்டுப் போட்டு எழுதி, சந்தேகப்படும் பொருளை விலக்கி, பிறகு திரும்பச் சேர்த்துப் பார்ப்பது மூன்றாவது. குடல் மருத்துவரிடம் போய் அவர் சொல்லும் ஓரிரு பரிசோதனைகளை மட்டும் செய்துகொள்வது கடைசி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கேஜுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கேள்விப்பட்டதை வைத்து நிறுத்துவதும் வேண்டாம். மருத்துவர் சிலருக்கு முதல் வேலை, மற்றவர்களுக்குக் கடைசி வேலை. பெரும்பாலானவர்களுக்கு நோட்டுதான் சரி. அதிலும் விலக்குவதைவிடத் திரும்பச் சேர்ப்பதுதான் முக்கியமான பாதி.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. இறாலோ வேர்க்கடலையோ முட்டையோ வாயில் பட்ட சில நிமிஷங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து அரித்து, மூச்சு இரைத்தால் அது அலர்ஜி. துளி போதும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலையில் எந்த நோட்டும் வேண்டாம், 108-க்கு போன் போட வேண்டும். அலர்ஜி இருக்கிறது என்று சந்தேகப்படும் பொருளை வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கவும் கூடாது. பால் குடித்தால் வயிறு கடமுடா என்பது வேறு ரகம். அது செரிமானக் குறை. அளவைப் பொறுத்தது. படுத்தும், ஆனால் கொல்லாது. மூன்றாவது சீலியக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரை அரிக்கும்.

இடையில் மீன் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்குப் பிறகு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்து, 'எனக்கு மீன் அலர்ஜி' என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. அலர்ஜி போலவே காட்டும், ஆனால் கோளாறு மீனை வைத்திருந்த விதத்தில். ஒரே மீனைச் சாப்பிட்ட வீட்டார் நாலு பேருக்கும் வந்தால் காரணம் அநேகமாக இதுதான். ஒரு முறை இப்படி ஆனதற்காக ஆயுசுக்கும் மீனை விடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த பேக்கேஜ். பெரம்பூரில் இருக்கும் எங்கள் அண்ணி அதை எடுத்தார். பளபளவென்று கலர் பிரிண்ட், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. சிவப்பில் பசும்பால், கோதுமை, முட்டை வெள்ளைக்கரு, துவரம்பருப்பு, கத்தரிக்காய். பச்சையில் ஆலிவ், சால்மன் மீன், ராஸ்பெர்ரி. "அண்ணி, சிவப்புல இருக்கிறது எல்லாம் நீங்க தினம் சாப்பிடறதாச்சே?" என்றேன். "அதனாலதான்டா உடம்பு கெட்டுப்போச்சுன்னு அந்தப் பொண்ணு போன்ல சொல்லுது" என்றார். அண்ணியின் வீட்டில் ராஸ்பெர்ரி நுழைந்ததே கிடையாது.

அந்த ரிப்போர்ட்டின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. இந்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கின்றன. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது இயல்பு. உடம்புக்கு அந்த உணவு பழக்கமாகிவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆகவில்லை என்பதை அல்ல. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் கழகம் 2008-லேயே இதைச் சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடிய அலர்ஜி மருத்துவர் சங்கங்களும் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன. பெரிய பட்டியலாக எடுத்தால் செலவு பத்தாயிரத்தைத் தாண்டும். தலைமுடியை அனுப்பு, கையில் ஒரு கம்பியைப் பிடி என்று சொல்லும் சோதனைகள் இந்த அளவுக்குக்கூட வராது.

அப்படியானால் லேபில் 'அலர்ஜி பேனல்' என்று போடுகிறார்களே, அது? அது ஐஜிஇ. உண்மையான அலர்ஜியோடு தொடர்புள்ள புரதம், மருத்துவர்களும் எழுதித் தருவதுதான். ஆனால் அதையும் மொத்தமாக எடுத்தால் வம்பு. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் 26.5 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு உணவுக்கு ஐஜிஇ இருந்தது. சாப்பிட்டால் உண்மையில் அலர்ஜி வரும் என்று கருதத்தக்கவர்கள் 1.2 சதவீதம்தான். அதாவது ரத்தத்தில் பாசிட்டிவ் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். இன்ன உணவைச் சாப்பிட்டு இன்னது ஆனது என்ற கதை முதலில் இருந்து, அதை உறுதி செய்ய அந்த ஒரு உணவுக்கு மட்டும் ஐஜிஇ பார்த்தால் பிரயோஜனம் உண்டு. கதையே இல்லாமல் பேனல் எடுத்தால் புதிய பயம் மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டாவது வழி, தானாக நிறுத்துவது. இதில் சென்னையில் இப்போது அதிகம் அடிபடுவது கோதுமை. சப்பாத்தியை விட்டேன், வயிறு லேசாகிவிட்டது, அதனால் எனக்கு குளூட்டன் ஆகாது என்கிறார்கள். லேசானது பொய்யில்லை. காரணம்தான் வேறாக இருக்கலாம். 2016-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வின்படி சீலியக் நோய் வட மாநிலங்களில் ஆயிரத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இருக்கிறது, தெற்கில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு. பிறகு 2018-ல் நார்வேயில் ஒரு சோதனை செய்தார்கள். சீலியக் இல்லாமல், குளூட்டன் ஆகாது என்று தாங்களே ஒதுக்கியவர்களுக்கு, எது என்று சொல்லாமல் குளூட்டனையும் ஃபிரக்டானையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். கூடுதலாகத் தொந்தரவு தந்தது ஃபிரக்டான். கோதுமையில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி அது. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட நிறைய இருக்கிறது. ஆக, சப்பாத்தியை விட்டுவிட்டு, வெங்காயம் அள்ளிப்போட்ட ஊத்தப்பத்தில் போய் நிற்பவருக்கு வயிறு ஏன் பழையபடி ஆகிறது என்பது புரியவே புரியாது.

இப்படி நிறுத்துவதில் இன்னொரு சிக்கல். ஒருவேளை உண்மையிலேயே சீலியக் இருந்தால், கோதுமையை விட்ட பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றுமில்லை என்று காட்டிவிடலாம். டாக்டர் மறுபடியும் சில வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார். சீலியக் உறுதியானவர்களுக்கோ எதிரி எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. ரசம், சாம்பார், மோர் என்று எல்லாவற்றிலும் விழுவது அது. டப்பாவின் பின்பக்கம் படித்து வாங்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

உடம்புக்கு வரும் நஷ்டமும் உண்டு. பாலை நிறுத்தியவர் கேழ்வரகு, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று எதையாவது சாப்பிட்டுக் கால்சியத்தை ஈடுகட்டுகிறாரா என்றால் பெரும்பாலும் இல்லை. குழந்தைகளுக்கு இதைச் செய்வது இன்னும் மோசம், வளர்கிற வயதில் பாலும் முட்டையும் ஒரு சேரப் போய்விடும். மனசும் மாறிப்போகிறது. சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்தவருக்கு, ஆகாது என்று நினைத்துச் சாப்பிட்டாலே வயிறு பிசையும். இது நடிப்பில்லை. குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருக்கிறது. கல்யாணத்துக்குப் போகாமல் தட்டிக்கழிப்பது, ஆபீஸ் டீம் லஞ்சில் தயிர் சாதத்தோடு ஓரமாக உட்காருவது என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். விட்டதை எப்போது திரும்பச் சேர்ப்பது என்று இந்த வழியில் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இதையும் பேக்கேஜோடு சேர்த்து வேண்டாம் என்கிறேன்.

நோட்டுக்கு வருவோம். நாற்பது பக்க நோட்டு போதும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்போது தொந்தரவு, அன்று தூக்கம் எப்படி, என்ன மாத்திரை. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுத வேண்டும். தரமணியில் வேலை பார்க்கும் ஒரு நண்பரின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: 'செவ்வாய். 7.30 காபி. 8 இட்லி 4, சாம்பார். 11 காபி. 1.15 சாம்பார் சாதம், உருளை. 4 ரோஸ் மில்க் பெரிசு. 5.30 வயிறு உப்பல், சத்தம். 6.10 இரண்டு தடவை. இரவு 10 பரோட்டா 2.' அவர் அதுவரை பழி போட்டுக்கொண்டிருந்தது பரோட்டாவை. நோட்டிலோ தொந்தரவு பரோட்டாவுக்கு நாலு மணி நேரம் முன்பே வந்துவிட்டது. மற்ற நாட்களைப் புரட்டினால், ரோஸ் மில்க், பாதாம் பால், பால்கோவா உள்ள மாலைகளில்தான் அந்த ஓட்டம். வெறும் காபி நாட்களில் இல்லை.

பால்தான் என்றால் காபி எப்படித் தப்பித்தது? இது அளவுச் சமாசாரம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் உலகில் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியர்களில் இது வட இந்தியர்களைவிட அதிகம். ஆனால் குறைவு என்றால் சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. ஒரே தடவையில் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரும்பாலானவர்கள் சமாளிப்பார்கள். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் காபியில் உள்ள பால் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். பெரிய டம்ளர் ரோஸ் மில்க் தாண்டிவிடும். பால்கோவா என்பது பாலைச் சுண்டக் காய்ச்சியது, லாக்டோஸும் சேர்ந்தே சுண்டியிருக்கிறது. உறைந்த தயிரில் ஒரு பங்கை பாக்டீரியா தின்று தீர்த்திருக்கும், நெய்யில் ஏறக்குறைய இல்லை. அதனால் பால் ஆகாதவர் மோரையும் நெய்யையும் விட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வருவதில்லை.

இங்கே மூன்று மூடநம்பிக்கைகளைச் சொல்லிவிட வேண்டும். ஆவின் பச்சை பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு மாறினால் குறைவது கொழுப்பு, லாக்டோஸ் அல்ல. ஏ2 என்று இரட்டை விலைக்கு விற்கும் நாட்டு மாட்டுப் பாலிலும் லாக்டோஸ் அதே அளவுதான். பாலை எத்தனை முறை காய்ச்சினாலும் அது போகாது.

சோதனை இப்படி. நோட்டில் மேலே வரும் ஒரே ஒரு சந்தேகப் பொருளை இரண்டு வாரம் விலக்குங்கள். மாற்றம் இல்லையென்றால் அது குற்றவாளி இல்லை, பழையபடி சாப்பிடலாம். மாற்றம் இருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் நாள் அரை டம்ளர் பால், மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்றரை. மற்ற சாப்பாடு மாறக் கூடாது. காபியாகக் குடித்துப் பார்க்காதீர்கள். காபியே சிலருக்குக் குடலை விரட்டும், பாலா காபியா என்று தெரியாது. தொந்தரவு திரும்பினால் காரணம் உறுதி. எந்த அளவில் திரும்பியது என்பதும் கைக்கு வந்துவிட்டது. பத்தாயிரம் ரூபாய் ரிப்போர்ட் இந்த அளவை ஒருநாளும் சொல்லாது.

பால் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள். இவற்றிலுள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் கிரகிக்கப்படாமல் பெருங்குடலுக்குப் போய் புளித்து வாயுவாகின்றன. மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு உணவு முறையையே வகுத்தார்கள், லோ ஃபாட்மேப் என்று பெயர். இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பு. நம் ஊரில் பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் போகிறார்கள். அது செய்யக் கூடாதது. முழுதாகச் செய்வதென்றால் டயட்டீஷியன் துணையோடு செய்யலாம், பருப்பையும் சேர்த்து விட்டால் சைவம் சாப்பிடுபவர்களுக்குப் புரதம் அடிவாங்கும்.

வெங்காயத்தை மட்டும் சோதிப்பது நமக்குச் சுலபம். அமாவாசை, விரத நாள் சமையல் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதானே. அம்மாவிடமோ மாமியாரிடமோ வியாதி, டயட் என்றெல்லாம் விளக்குவதைவிட, "ரெண்டு வாரம் விரதச் சமையல்னு வச்சுக்கங்களேன் அத்தை" என்றால் வேலை முடிந்தது. சாம்பாரில் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரம் வைத்தால் போதாதா என்றால் போதாது. ஃபிரக்டான் தண்ணீரில் கரைந்து குழம்பிலேயே இறங்கியிருக்கும். எண்ணெயில் கரையாது. எனவே பூண்டை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், வாயு வராது. கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தாலும் கொஞ்சம் குறையும். ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டு இந்தச் சோதனையை நடத்த முடியாது. சட்னி முதல் குருமா வரை வெங்காயம்தான்.

நோட்டில் மாத்திரைக்கு ஒரு பத்தி விடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சர்க்கரைக்குத் தரும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்துகின்றன. உடையாமல் மீந்தது பெருங்குடலில் வாயுவாகும். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கு தரும். சுகர்ஃப்ரீ மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் உள்ள சார்பிட்டாலும் அப்படித்தான். வீட்டில் அப்பாவுக்கு திடீரென்று பருப்பு ஆகாமல் போனால், பருப்பை நிறுத்தும் முன் எந்த மாத்திரை எப்போது ஆரம்பித்தது என்று பாருங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

கடைசி வழி, மருத்துவர். சிலருக்கு இதுதான் முதல் படி என்று சொன்னேன். உடம்பு இளைப்பது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு தூக்கத்திலிருந்து எழுப்புவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது, குடும்பத்தில் குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் உணவைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. தனியாரில் காட்ட வசதியில்லை என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லியிலும் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். நோட்டையும் கொண்டுபோங்கள்.

சீலியக் சந்தேகம் என்றால் டிடிஜி என்ற ஒரே ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிப்பார்கள், அந்த இருநூறு உணவு பேக்கேஜோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். லாக்டோஸுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. முந்தைய நாள் இரவிலிருந்து பட்டினி, நாலு வாரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கக் கூடாது. 25 முதல் 50 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அவ்வப்போது ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் பாசிட்டிவ். நல்ல பரிசோதனைதான். ஆனால் 25 கிராம் என்பது அரை லிட்டர் பாலுக்குச் சமம், 50 கிராம் ஒரு லிட்டர். அவ்வளவையும் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடிப்பவர் யார்? பாசிட்டிவ் என்று வந்தாலும் உங்கள் ஒரு டம்ளர் காபிக்கு அது தீர்ப்பாகாது. அதனால் நோட்டில் தெளிவாக விடை வந்தவர்களுக்கு இது தேவையில்லை. விலக்கியும் சேர்த்தும் குழப்பமாகவே இருப்பவர்களுக்கு உதவும்.

நோட்டை எப்போது ஆரம்பிப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தீபாவளியை ஒட்டி வேண்டாம். பலகாரம், எண்ணெய், பாதித் தூக்கம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எது எதனால் என்று பிரிக்க முடியாது. வரிசையாகக் கல்யாணப் பத்திரிகை வந்து கிடக்கும் ஆவணி, தை மாதங்களும் கஷ்டம். முகூர்த்தம் இல்லாத ஆடி தோது. கூழ் ஊற்றும் நாளை மட்டும் தவிர்த்துவிட்டு இரண்டு இரண்டு வாரமாகப் பிரித்துக்கொண்டால், எழுதுவதும் ஒரு பொருளை விலக்குவதும் அந்த மாதத்துக்குள் அடங்கும். திரும்பச் சேர்க்கும் மூன்று நாளை ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.